புலியே அழுத்திய ஷட்டர்: எஃப்.டபிள்யூ.சாம்பியன் யார்? இன்றைய புலிக் கணக்கெடுப்புக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கார்பெட்டுக்கோ ரணதம்பூருக்கோ டூர் போய்வந்த நண்பர் யாராவது இருந்தால், அவருடைய இன்ஸ்டாகிராமில் ஒரு புலி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜீப்பில் உட்கார்ந்தபடியே போனில் எடுத்த புலி. நாமும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த போஸ்ட்டுக்குப் போய்விடுவோம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நிலைமையே வேற. அன்றைக்கு இந்தியப் புலியின் போட்டோ என்றால், பெரும்பாலும் செத்த புலியின் போட்டோதான். தரையில் கிடக்கும் புலி, அதன்மேல் ஒரு பூட்ஸ் கால், கையில் துப்பாக்கி, கேமராவைப் பார்த்துப் பெருமிதமாக ஒரு முகம். உயிரோடு, தன் காட்டில், தன் வழியில் நடந்துபோகும் புலியைத் தெளிவாகக் காட்டும் படம் உலகத்துக்குக் கிடைத்தது 1925-ல்தான்.

அதை எடுத்தவர் பெரிய போட்டோகிராபர் இல்லை. அரசுச் சம்பளம் வாங்கிய வன அதிகாரி. பெயர் ஃபிரெடெரிக் வால்டர் சாம்பியன். சரியாகச் சொன்னால், ஷட்டரை அழுத்தியதுகூட அவர் இல்லை. புலிதான்.

புலிகளைக் கேமரா வைத்து எண்ணும் இன்றைய இந்தியாவின் முறைக்கு வேர் தேடிப் போனால், இந்த மனிதரிடம்தான் போய் நிற்போம். அவருடைய கதை என்ன?

கொன்றால்தான் கணக்கு

சாம்பியன் வேலை பார்த்த காலத்தைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்தது எவ்வளவு வித்தியாசமானது என்பது புரியும்.

1911-ல் டெல்லி தர்பாருக்காக இந்தியா வந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், அப்படியே நேபாளத்தின் தராய் காடுகளுக்கு வேட்டைக்குப் போனார். சில நாட்களிலேயே அவருடைய குழு 39 புலிகளைச் சுட்டது. சர்குஜா மகாராஜா தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகச் சொல்லிக்கொண்டவர்.

வேட்டை பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. புலியைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. கொடிய விலங்கு, ஒழிக்க வேண்டியது என்பதே அரசின் பார்வை. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் மட்டும் 80,000-க்கும் அதிகமான புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார்.

அந்த ஐம்பது ஆண்டுக் கணக்கு முடிகிற அதே 1925-ல்தான் சாம்பியனின் புலி போட்டோ வெளிவந்தது.

யார் இந்த சாம்பியன்?

1893-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் சார்லஸ் சாம்பியன் பூச்சியியல் அறிஞர். வண்டுகளைத் தேடிச் சேகரித்து வகைப்படுத்துவதில் பெயர் பெற்றவர். ஆக, ஒரு உயிரினத்தை உற்றுப் பார்ப்பதும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்களைக் குறித்துவைப்பதும் அந்த வீட்டின் அன்றாடப் பழக்கம்.

அண்ணன் ஹாரி சாம்பியனும் இந்தியாவில் வனத்துறை அதிகாரிதான். யூபிஎஸ்சிக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே ஞாபகம் வரும். இந்தியக் காடுகளை 16 வகைகளாகப் பிரிக்கும் சாம்பியன்–சேத் வகைப்பாட்டில் வரும் சாம்பியன் இவர்தான். அண்ணன் காடுகளை வகை பிரித்தார், தம்பி அந்தக் காடுகளில் இரவில் நடமாடுவது யார் என்று பார்த்தார்.

தம்பி சாம்பியன் 1913-ல் இந்தியா வந்தார். முதலில் கிழக்கு வங்கத்தில் போலீஸ் வேலை. முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தின் குதிரைப்படைப் பிரிவுக்குப் போனார். போர் முடிந்ததும் ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் சேர்ந்தார். ஐக்கிய மாகாணம் என்பது இன்றைய உத்தரப் பிரதேசமும் உத்தராகண்டும் சேர்ந்த பகுதி.

அவருடைய காடு இமயமலையின் அடிவாரத்தில், சிவாலிக் குன்றுகளை ஒட்டி இருந்தது. உயரமான சால் மரங்கள், நடுநடுவே புல்வெளிகள், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடி மற்ற நாட்களில் கல்லும் மணலுமாகக் கிடக்கும் ஆற்றுப்படுகைகள். புலிகளின் ராஜ்ஜியம்.

துப்பாக்கியோடு சுற்றுவது அன்றைய வன அதிகாரிகளுக்குச் சாதாரணம். சாம்பியனுக்கோ வேட்டை பிடிக்கவில்லை. விலங்கைத் தேடிப் போவதில் இருக்கும் பரபரப்பு அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. கடைசியில் அது செத்து விழ வேண்டும் என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. கேமராவைக் கையில் எடுத்தார்.

இருட்டில் புலியை எப்படிப் படம் எடுப்பது?

இன்றைக்கு மாதிரி 600 எம்எம் லென்ஸோ, இருட்டிலும் வேலை செய்யும் சென்சாரோ அன்று கிடையாது. கேமரா ஒரு கனமான பெட்டி. பகலில் வெளிச்சம் குறைவான சால் காட்டுக்குள் ஓடும் விலங்கைப் படமெடுத்தால் வெறும் மங்கல்தான் மிஞ்சும். போதாததற்கு, புலி பெரும்பாலும் நடமாடுவது அந்தியிலும் இரவிலும்.

சாம்பியன் யானைமேல் ஏறிப் பகலில் விலங்குகளைத் தேடியும் படம் எடுத்தார். அவரோடு நீண்ட காலம் இருந்த பெண் யானையின் பெயர் பால்மதி. யானையின் வாசனையும் உருவமும் மற்ற விலங்குகளுக்குப் பழக்கமானவை என்பதால், அதன் முதுகில் இருக்கும் மனிதனை அவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இரவுப் புலிக்கு அது போதாது.

அதற்கு அவர் எடுத்த வழி டிரிப்-ஒயர், அதாவது இழுவைக் கம்பி. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இந்த முறையில் மான் போன்ற விலங்குகளை ஏற்கெனவே படமெடுத்திருந்தார். நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906-ல் அவருடைய படங்களை வெளியிட்டது. அதே உத்தியை சாம்பியன் புலிக் காட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஐடியா ரொம்ப சிம்பிள். புலி நடக்கும் பாதையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கம்பியைக் கட்ட வேண்டும். புலி அதைத் தட்டியதும் மின்கலத்தின் இணைப்பு நிறைவாகும். தட்டில் வைத்திருக்கும் மெக்னீசியம் பவுடர் பளீரென எரியும். அதே கணத்தில் ஷட்டர் திறந்து மூடும். அவ்ளோதான்.

கஷ்டமெல்லாம் செய்யும்போதுதான். பவுடர் பனியில் நனைந்தால் எரியாது. ஃபிளாஷும் ஷட்டரும் ஒரு நொடியின் சிறு பகுதி தப்பினாலும் வெறும் இருட்டுதான் பதிவாகும். முள்ளம்பன்றியோ மானோ முதலில் வந்து கம்பியைத் தட்டிவிட்டால் கதை முடிந்தது. ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு படம்தான். பவுடரை நிரப்பி, பிளேட்டை மாற்றினால்தான் கருவி மறுபடி வேலை செய்யும். புலி பின்னால் வந்தால், அன்றைய வாய்ப்பு போனது போனதுதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சவால், கேமராவை எங்கே வைப்பது என்பது. பல சதுர கிலோமீட்டர் காட்டில் புலி எந்த இடத்தில் கால் வைக்கும் என்பதைச் சில அடி துல்லியத்தில் கணிக்க வேண்டும். அதற்குப் புலி மாதிரியே யோசிக்கணும். முட்செடிகளுக்குள் புகுந்து போவதைவிடக் காட்டுப் பாதையிலும் வறண்ட ஆற்றுப்படுகையிலும் நடப்பதே புலிக்கு வசதி. மணலில் பதியும் தடம் அது போன திசையைச் சொல்லும். வேட்டைக்காரர்கள் எதைப் படித்தார்களோ அதையேதான் சாம்பியனும் படித்தார். முடிவில் மட்டும்தான் வேறுபாடு.

பல ஆண்டுகள் இப்படியே போயின. தோற்றுப்போன ராத்திரிகளே அதிகம்.

1925 அக்டோபர் 3

அன்று வெளிவந்த 'தி இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழின் முதல் பக்கத்தில் சாம்பியனின் புலி இருந்தது. இயற்கையான சூழலில் நடமாடும் புலிகளின் முதல் படங்கள் என்று அவை கொண்டாடப்பட்டன.

அந்தப் படங்கள் ஏன் பெரிய விஷயம்? கூண்டுக்குள் இருக்கும் புலியை லண்டன்வாசிகள் பார்த்திருக்கிறார்கள். தோலாக, தலையாகச் சுவரில் தொங்கும் புலியையும் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் பயப்படாமல், யாரையும் பயமுறுத்தாமல், தன் போக்கில் நடக்கும் புலி அவர்களுக்குப் புதுசு.

1927-ல் 'வித் எ கேமரா இன் டைகர்-லேண்ட்' என்ற புத்தகமும், 1934-ல் 'தி ஜங்கிள் இன் சன்லைட் அண்ட் ஷேடோ' என்ற புத்தகமும் வந்தன. புலி மட்டுமல்ல, சிறுத்தை, கரடி, செந்நாய் என்று இரவுக் காட்டின் பல முகங்கள் அவருடைய கேமராவில் பதிந்தன.

வரிகள்தான் அடையாள அட்டை

நிறைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சாம்பியன் இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். எந்த இரண்டு புலிக்கும் வரிகள் ஒரே மாதிரி இல்லை. நம் கைரேகை மாதிரி. ஆகவே, இரண்டு படங்களில் இருப்பது ஒரே புலியா, வேறு வேறு புலிகளா என்று சொல்லிவிட முடியும்.

அப்பா வண்டுகளில் செய்ததை மகன் புலிகளில் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் வண்டுகள் ஊசியில் குத்தப்பட்டவை. மகனின் புலிகளோ படம் எடுக்கப்பட்ட பிறகும் நடந்துபோய்க்கொண்டிருந்தன.

1920-களில் இது ஒரு சுவாரஸ்யமான தகவல், அவ்வளவுதான். இதன் முழு மதிப்பு தெரிய இன்னும் அறுபது, எழுபது வருஷம் ஆனது.

கார்பெட்டையே கவர்ந்த படங்கள்

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியதால் உலகப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட், சாம்பியனைவிட 18 வயது மூத்தவர். இருவரும் நண்பர்கள். சாம்பியனின் புலி படங்களைப் பார்த்த பிறகுதான் கார்பெட்டுக்குத் தானும் கேமராவில் இறங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பின்னாளில் மூவி கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு புலிகளுக்காகக் காத்திருந்த கார்பெட், அந்தக் கடனைத் தன் எழுத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மூத்தவர் இளையவரிடம் கற்றுக்கொண்ட கதை இது.

1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவானபோது அதற்குத் துணைநின்றவர்களில் இருவருமே உண்டு. ஹெய்லி தேசியப் பூங்கா என்று தொடங்கிய அதுதான், இன்று நாம் சஃபாரி புக் பண்ணும் கார்பெட்.

அவர் கேட்டது என்ன?

போட்டோ எடுத்ததோடு சாம்பியன் நிற்கவில்லை. காட்டு விலங்குகள் குறைந்துவருவதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் சில மாற்றங்களைத் தொடர்ந்து வலியுறுத்தினார். துப்பாக்கி லைசென்ஸ்களைக் குறைக்க வேண்டும். விலங்குகளைக் கொல்வதற்குக் கொடுக்கும் சன்மானத்தைக் குறைக்க வேண்டும். காப்புக் காடுகளுக்குள் மோட்டார் கார்களை விடக் கூடாது.

கார் எதற்கு இந்தப் பட்டியலில்? அன்று காரும் துப்பாக்கியும் கைகோத்து வந்தன. நாள் கணக்கில் நடந்தோ யானைமேல் ஏறியோ போக வேண்டியிருந்த காட்டுக்குள் ஒரே மாலையில் போய், ஹெட்லைட் வெளிச்சத்தில் சுட்டுவிட்டுத் திரும்ப முடிந்தது. பாதை போட்டால் யார் யாரெல்லாம் உள்ளே வருவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ஆனால் அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவதும் சரியாக இருக்காது. அவர் பிரிட்டிஷ் ஆட்சியின் அதிகாரி. அவர் வேலை பார்த்த வனத்துறையின் முக்கியக் குறிக்கோள் மரம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்காகச் சால் மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. அவருடைய முதல் புத்தகம் வந்த அதே 1927-ல்தான் இந்திய வனச் சட்டமும் வந்தது. காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் உரிமைகளை இறுக்கிய சட்டம் அது.

துப்பாக்கி லைசென்ஸைக் குறைத்தால் மகாராஜாவின் வேட்டையா நிற்கும், இல்லை, பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற நினைக்கும் விவசாயியின் கைதான் கட்டப்படுமா? விலங்கைக் காப்பாற்றுவதன் விலையை யார் கொடுப்பது என்ற இந்தக் கேள்வி அன்றும் இருந்தது. காட்டோர ஊர்களில் இன்றும் இருக்கிறது.

அவர் போன பிறகு

1947-ல் இந்தியா விடுதலை பெற்றபோது சாம்பியன் பணியிலிருந்து விலகிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். கார்பெட்டும் அதே ஆண்டில் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். சாம்பியன் கடைசியில் ஸ்காட்லாந்தில் குடியேறி, 1970-ல் காலமானார்.

இந்தியா புலி வேட்டைக்குத் தடை போட்டதும் அதே 1970-ல்தான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம், அதாவது புராஜெக்ட் டைகர், கார்பெட் பூங்காவில் தொடங்கப்பட்டது.

கால்தடத்திலிருந்து கேமராவுக்கு

புலிகளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எத்தனை இருக்கின்றன என்று தெரிய வேண்டும். பல ஆண்டுகள் இந்தியா கால்தடங்களை வைத்தே எண்ணியது. மண்ணில் பதிந்த தடத்தைப் படியெடுத்து, ஒவ்வொரு தடத்தையும் வைத்து ஒவ்வொரு புலியை அடையாளம் காணும் முறை. ஆனால் ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரியும் காய்ந்த மண்ணில் வேறு மாதிரியும் இருக்கும். பார்ப்பவரின் தீர்ப்புக்கு ஏற்ப எண்ணிக்கை மாறும்.

இதன் விளைவு என்ன ஆனது? ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்குப்படி புலிகள் இருந்தன. 2005 வாக்கில் பார்த்தால் அங்கே ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டையில் மொத்தமும் போயிருந்தன.

மாற்று வழி அதற்கு முன்பே தயாராக இருந்தது. கர்நாடகாவின் நாகரஹொளேயில் 1990-களின் தொடக்கத்தில் உயிரியலாளர் உல்லாஸ் காரந்த், தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளைப் படமெடுத்து, வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு, எண்ணிக்கையை மதிப்பிட்டார். அந்த ஆய்வுக் கட்டுரை 1995-ல் வெளியானது. சாம்பியனின் கம்பியும், சாம்பியன் கவனித்த வரிகளும் புள்ளியியலோடு கைகோத்த இடம் அது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது? ஒரு எளிய உதாரணம். முதல் சுற்றில் 20 புலிகள் கேமராவில் பதிகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றிலும் 20 புலிகள். அதில் 10 ஏற்கெனவே பார்த்தவை. அதாவது, இரண்டாம் முறை வந்ததில் பாதி நமக்குத் தெரிந்த முகங்கள். அப்படியென்றால் நாம் முதலில் பார்த்த 20-ம் மொத்தத்தில் பாதியாக இருக்கலாம். மொத்தம் சுமார் 40. நடைமுறையில் கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் அடிப்படை இதுதான். ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தால்தான் இதெல்லாம் சாத்தியம்.

இன்று கம்பி இல்லை. விலங்கின் உடல் சூட்டையும் அசைவையும் உணரும் சென்சார் இருக்கிறது. பாதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேமரா. ஏன் இரண்டு? புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறு வேறு என்பதால். படங்களை ஒப்பிட மென்பொருள் உதவுகிறது.

2002-ல் கால்தடக் கணக்கு இந்தியாவில் 3,642 புலிகள் இருப்பதாகச் சொன்னது. கேமராக்களைச் சேர்த்து நடத்திய 2006 கணக்கெடுப்பில் வந்த எண் 1,411. நாடே அதிர்ந்தது. எண் கசந்தது, ஆனால் நம்பக்கூடியதாக இருந்தது. பிறகு எடுத்த நடவடிக்கைகளுக்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். 2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 3,080 தனித்தனிப் புலிகள் படத்தில் பதிந்தன. மொத்த எண்ணிக்கை சராசரியாக 3,682 என்று மதிப்பிடப்பட்டது.

ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் நமக்கு

சாம்பியன் காலத்தில் காட்டுக்குள் வந்த கார்களில் துப்பாக்கி இருந்தது. இன்று வரும் ஜீப்களில் இருப்பது கேமராவும் போனும். இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. புலியைப் பார்க்க வரும் நம் பணம் பூங்காக்களுக்கும், சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் வருமானத்துக்கும் உதவுகிறது.

ஆனால் ஒரு புலியைச் சுற்றி பத்து ஜீப் நின்று வழியை மறிக்கும்போது, துப்பாக்கி இல்லை என்பதால் மட்டும் நாம் தொந்தரவு செய்யவில்லை என்று ஆகிவிடாது. கார்பெட்டில் சஃபாரித் திட்டம் ஒன்றுக்காக நடந்த சட்டவிரோதக் கட்டுமானமும் மரவெட்டும் உச்ச நீதிமன்றம் வரை போயின. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் புலி சஃபாரி கூடாது என்று 2024 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்புக் காட்டுக்குள் காரை விடாதீர்கள் என்று ஒரு வன அதிகாரி வாதாடிய அதே மலையடிவாரத்தில், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து.

சாம்பியனின் சிறந்த இரவுப் படங்களில் ஒரு விஷயம் பொதுவானது. படம் பதிந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை. கேமராவை வைத்துவிட்டு விலகிப்போயிருந்தார். ஒரு நொடி வெளிச்சம், ஒருவேளை ஒரு திடுக்கிடல், பிறகு காடு மறுபடியும் புலியுடையது.

அடுத்த சஃபாரியில் புலி தெரிந்து, டிரைவரிடம் இன்னும் கொஞ்சம் பக்கத்துல போங்கண்ணே என்று சொல்லத் தோன்றினால், அந்த விலகலை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். போட்டோ கொஞ்சம் சின்னதாக வரும். பரவாயில்லை, புலி தன் வழியில் போகும்.